எழுபத்தெட்டுக் கோடி விலாசம்

மங்களூரில் ஜெயினுலாபுதீன் இல்லை.

இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க ரெபேக்காளுக்கு இரண்டு ரயில் பயணமும் இடது முழங்காலும் செலவாகியிருந்தன. சனிக்கிழமை காலை செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. எதிர் மாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, 'ரெபேக்காள் துப்பறியும் நிலையம்' என்ற பலகை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. அங்கேயும் போகவில்லை. பஸ் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கி, கோவளம் போகிற அடுத்த பஸ்ஸுக்காக நின்றாள்.

"யக்கா, ஒரு யோசன," என்றான் தனகோடி. "இப்டியே அசையாம நிப்போம். எவனாச்சும் வெள்ளக்காரன் நம்மளையும் செலைனு நெனச்சு போட்டோ புடிப்பான். டிக்கெட் காசாவது தேறும்."

"நீ வாயை மூடினாத்தான் சிலைனு நம்புவான்."

ரெபேக்காள் மகளிர் காவல் நிலையத்தில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். தனகோடி ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆட்டோவை விற்றுவிட்டான். அதில் பேசிப் பழகிய வாயை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் இந்த வழக்கில் இதுவரை கிடைத்தது.

கோவளத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஜெயினுலாபுதீன் போன வாரம் காணாமல் போனார். மறுநாள் அவருடைய போனிலிருந்து மகன் ஃபர்தீனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தான் நலமாக இருப்பதாகவும், தேட வேண்டாம் என்றும் இரண்டு வரி. கூடவே 575408 என்று ஓர் எண். ஆறு இலக்கம் என்றால் பின்கோடு. 575 என்றால் மங்களூர். செய்தி அனுப்பப்பட்ட இடம் செங்கல்பட்டு ரயில் நிலையம் என்று டவர் காட்டியது. மங்களூர் ரயில் அங்கே நிற்கும். கோபித்துக்கொண்டு கிளம்பிய பெரிய மனிதர், எங்கே போகிறார் என்பதையும் சொல்லிவிட்டார், அவராக வருவார் என்று போலீஸ் கைவிரித்துவிட்டது.

மங்களூர் தபால் நிலையத்துப் பெண் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னாள். 575 எங்களுடையது. 408 எங்களுடையது இல்லை. அப்படி ஒரு பின்கோடே கிடையாது.

அதற்குப் பிறகும் அவர்கள் அங்கே லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினார்கள்.

"கணக்கு வாத்தியாருக்கு நம்பர் தப்பா போடத் தெரியுமா?" என்றாள் ரெபேக்காள், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி.

"எனக்குத் தெரிஞ்ச கணக்கு வாத்தியாரு அடிக்கத்தான் தெரிஞ்சவரு," என்றான் தனகோடி. பிறகு அவள் தோளிலேயே தூங்கிப்போனான்.

*

கோவளத்தில் அந்த வீட்டைத் தேட வேண்டியதில்லை. தகரக் கேட்டில் பச்சை பெயிண்டால் பெரிதாக 16284024 என்று எழுதியிருக்கும். தெருவில் வேறு எவரும் கேட்டில் ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம் எழுதி வைத்திருக்கவில்லை.

"போன தடவ வந்தப்போ இதுக்கு போன் பண்ணிப் பாத்தேன்," என்றான் தனகோடி. "எடுக்கல."

உள்ளே ஃபர்தீனின் பைக் நின்றது. டேங்கில் ஏதோ ஸ்டிக்கரைச் சுரண்டியெடுத்த தழும்பு. முன்கூடத்து ஃபிரிட்ஜின் கதவிலும் அதே மாதிரி ஒரு தழும்பு. ரெபேக்காள் இரண்டையும் முன்பே பார்த்திருக்கிறாள். இன்று கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். களைப்பில் கண் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது.

வாத்தியாரின் மனைவி சம்சாத் பேகம் தரையில் உட்கார்ந்து சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுத்த மாத்திரை. எல்லாம் இங்கேயே இருந்தன. வாத்தியார் போன நாளிலிருந்து அந்த டப்பா சம்சாத் பேகத்தின் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு நகரவில்லை.

"இல்லியா?" என்றார், நிமிராமல்.

"இல்லம்மா."

கத்தி ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது. "மாத்திர இல்லாம ஒரு வாரம் தாங்காதுனு டாக்டர் சொன்னாரு. அப்புறம் நாளைக்கு பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் பரிட்ச வேற. கேள்வித்தாள் இவரு போட்டது. அதுக்காவது வந்துடுவாருனு நெனச்சுகினு கீறேன்."

ஃபர்தீன் டீ கொண்டுவந்து வைத்தான். "மோகன் சார் கூட அதான் சொன்னாரு மேடம். பரிட்சை முடிஞ்சா அத்தா தானா வந்துடுவாருனு."

மோகன் செங்கல்பட்டில் கோச்சிங் சென்டர் நடத்துபவன். ஜெயினுலாபுதீன் ஓய்வுக்குப் பிறகு அங்கே வாரம் இரண்டு நாள் கணக்கு எடுத்தார். அவர் காணாமல் போனதிலிருந்து தினமும் இந்த வீட்டுக்கு போன் செய்து ஆறுதல் சொல்பவன். மங்களூருக்கு ரயில் டிக்கெட் போட்டுத் தந்தவனும் அவனே.

பெயரைச் சொன்னதும் வந்ததுபோல ரெபேக்காளின் போன் அடித்தது.

"மேடம், மோகன் பேசறேன். மங்களூர்ல ஏதாவது தெரிஞ்சுதா?"

"தேடிக்கிட்டிருக்கோம் சார்," என்றாள் ரெபேக்காள். "இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

போனை வைத்தாள். தனகோடி அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"யக்கா, நாம கோவளத்துல டீ குடிச்சுகினு கீறோம்."

"தெரியும். எங்க இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்றதில்ல. முப்பது வருஷ பழக்கம்." காலை நீட்டி முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "ஃபர்தீன், அந்த மெசேஜை எடுப்பா. தனகோடி, நீ படி. முதல் எழுத்துல இருந்து. எதையும் விடாம."

"எத்தினி வாட்டிக்கா. மூணு வரி."

"படி."

தனகோடி போனை வாங்கிக் கொட்டாவியோடு படித்தான். "எழுநூத்தி எண்பத்தாறு. அப்பால அஞ்சு ஏழு அஞ்சு நாலு சைபர் எட்டு. நலமாக இருக்கிறேன். தேட வேண்டாம். அவ்ளோதான்."

மீன் வெட்டும் சத்தம் நின்றது.

"இன்னா சொன்ன?" என்றார் சம்சாத் பேகம்.

"நலமாக இருக்கிறேன்..."

"அதுக்கு முன்னால."

"எழுநூத்தி எண்பத்தாறு. 786. நீங்க எல்லாரும் மேல போடுவீங்களே, அதும்மா."

சம்சாத் பேகம் கையில் ஒட்டிய செதிலோடு எழுந்து வந்தார். கண்ணாடி இல்லாமல் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "நீ படிக்கசொல்ல இத்த சொல்லவே இல்லியேடா."

"அது 786தானேம்மா. அதை யாரு படிப்பா?"

உண்மைதான். யார் படிப்பார்கள்? ரெபேக்காள் கைப்பையிலிருந்து தன் தாளை எடுத்துப் பார்த்தாள். உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை. அதன் கீழ் 575408. தனகோடியின் தாளில் உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழ் 575408. இருவரும் போனைப் பார்த்தே எழுதியிருந்தார்கள். ஃபர்தீனையும் சேர்த்து மூன்று பேரும் 786-ஐ அவரவர் தாளின் தலையில் போடுவதைப்போல நினைத்து, மரியாதையாக ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

"அவரு போடமாட்டாரும்மா," என்றார் சம்சாத் பேகம். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதான் சண்டை. நான் வண்டில ஒட்டுவேன், இவரு சுரண்டுவாரு. ஃபிரிட்ஜ்ல ஒட்டுவேன், சுரண்டுவாரு. அல்லாவோட பேரு பேரு. நம்பர் நம்பர். பேரை நம்பராக்காதே, நம்பரைப் பேராக்காதேனு கத்துவாரு. செத்தாலும் 786 போடமாட்டாரு."

பைக் டேங்கின் தழும்பும் ஃபிரிட்ஜின் தழும்பும் ரெபேக்காளுக்கு இப்போது படிக்கிற மாதிரி தெரிந்தன.

"போடாதவர் போட்டிருக்கார்னா ரெண்டே காரணம்," என்றாள் மெதுவாக. "ஒண்ணு, இதை அவர் எழுதல. இல்லன்னா, இது 786 இல்ல."

"786 இல்லன்னா இன்னா?" என்றான் தனகோடி.

"சேர்த்துப் படி."

தனகோடி விரல்விட்டு இலக்கங்களைப் பிரித்தான். "எழுபத்தெட்டுக் கோடியே அறுபத்தஞ்சு லட்சத்து எழுபத்தஞ்சாயிரத்து நானூத்தி எட்டு." நிமிர்ந்தான். "யக்கா, இது மங்களூர் இல்ல. இது ஏதோ ஊழல்."

*

எண்ணை உடைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தாள் ரெபேக்காள். இரட்டைப்படையில் முடிகிறது, ஆகவே பாதியாக்கினாள். பாதியும் இரட்டைப்படை. அதையும் பாதியாக்கினாள். நாலு முறை பாதியானபின் 49160963-இல் வந்து நின்றது. ஒற்றைப்படை. இனி இரண்டு வேலைக்கு ஆகாது. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்திநாலோ முப்பத்தெட்டோ வந்துகொண்டே இருந்தது, ஒரு தடவை வந்தது மறு தடவை வரவில்லை. கடைசியில் ஃபர்தீன் கூட்டி முப்பத்தெட்டு என்று உறுதி சொன்னான். மூன்று போகாது. ஐந்து போகாது. தனகோடி போனின் கால்குலேட்டரில் ஏழைத் தட்டினான், புள்ளிக்குப் பின்னால் நீளமாக வால் வந்தது. பதினொன்று, வால். பதின்மூன்று, வால்.

"இப்படியே போனா பரிட்சை முடிஞ்சு ரிசல்ட்டும் வந்துடும்," என்றாள் ரெபேக்காள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஒருவேளை உடையாத நம்பரா இருந்தா நாம உடைஞ்சதுதான் மிச்சம்."

கண்ணைத் திறந்தபோது வாசல் எதிரே இருந்தது. கேட் உள்பக்கமாகத் திறந்து கிடந்ததால், தெருவைப் பார்க்க வேண்டிய பச்சை எண்கள் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அம்மா, கேட்ல எழுதியிருக்கே, அது என்ன நம்பர்?"

"அதுவா," என்றார் சம்சாத் பேகம் சலிப்போடு. "எங்க வூட்டு அட்ரஸு."

"அட்ரஸா?"

"கோவளம் பின்கோடு 603112. எங்க கதவு நம்பர் 27. ரெண்டையும் பெருக்கினா அது வரும். எதுக்கு ரெண்டு நம்பரு, ஒண்ணு போதாதானு கேட்டாரு. வகுக்கத் தெரிஞ்சவன் வூட்டுக்கு வரட்டும்னு எழுதினாரு. போஸ்ட்மேன் பேஜாராகி, கடிதாசை எல்லாம் பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் பூட்டான்."

ரெபேக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழங்கால் வலி எங்கோ போய்விட்டது.

"தனகோடி. சின்ன நம்பரா தேடாதே. பெரிய நம்பரா தேடு. நம்ம மாவட்டத்துப் பின்கோடெல்லாம் எதுல ஆரம்பிக்கும்?"

"603."

"எழுபத்தெட்டுக் கோடியை ஒவ்வொரு பின்கோடாலயும் வகு. எதுல வால் இல்லாம வருதோ அங்க இருக்கார்."

தனகோடிக்குத் தெரியாத ஊர் இந்த மாவட்டத்தில் கிடையாது. தெரியாத பின்கோடுகளை ஃபர்தீன் தன் போனில் எடுத்துச் சொன்னான். செங்கல்பட்டு 603001. விடை 1304, பின்னால் வால். மாமல்லபுரம் 603104. அதே 1304, வேறு வால். கோவளம், வால். கருங்குழி 603303. இது 1303, வாலும் நீளம்.

"எல்லாமே கிட்டக் கிட்ட வந்து ஏமாத்துதுக்கா. எங்க மாமனார் வூட்டு சம்பந்தம் மாதிரி."

"அடுத்தது."

"கூடுவாஞ்சேரி. 603202." தட்டினான். திரையைப் பார்த்தான். போனைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி பார்த்தான். இந்த முறை அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "1304. வால் இல்லக்கா. சுத்தமா நிக்குது."

சம்சாத் பேகம் மாத்திரை டப்பாவை எடுத்து ரெபேக்காளின் கைப்பைக்குள் வைத்தார்.

*

கேளம்பாக்கம் சாலையில் கால் டாக்சி ஊர்ந்தது. வண்டலூரில் திரும்பி ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் மெதுவாக ஊர்ந்தது.

"1304-னா பதிமூணாவது மாடி, நாலாவது வூடு," என்றான் தனகோடி. "கூடுவாஞ்சேரில பதிமூணு மாடி ஏறின கட்டடம் எனக்குத் தெரிஞ்சு ரெண்டுதான். மத்தவன்லாம் அஞ்சாறு மாடிலயே மூச்சு வாங்கி நின்னுட்டான்."

முதல் கட்டடத்தின் 1304-இல் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதன் தகப்பன் இடுப்பில் துண்டோடு கதவைத் திறந்து, டயப்பர் கொண்டுவந்தீர்களா என்று கேட்டான். மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினார்கள்.

இரண்டாவது கட்டடத்தின் பெயர் மேகமாளிகை. புதிது. பாதி பால்கனிகளில் துணியே காயவில்லை. வாசலில் தண்ணீர் லாரிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"1304-ஆ? அப்டி வூடே இல்லமா."

"பதிமூணாவது மாடில..."

"பதிமூணாவது மாடியே இங்க கெடையாது. ரிவர்ஸ், ரிவர்ஸ், ரைட்ல ஒடி."

ரெபேக்காள் பக்கத்திலிருந்த சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். காலை முதல் சாப்பிட்டது இரண்டு டீ. முழங்கால் வலி போன இடத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. பைக்குள் மாத்திரை டப்பா கிலுகிலுத்தது. கேள்வித்தாள் போட்டவர் பரிட்சைக்கு முன் மறைந்திருக்கிறார், அந்தப் பரிட்சை நாளை முடிகிறது. அவரை எதற்காகவோ பிடித்து வைத்திருப்பவன், முடிந்த பிறகு அவரை என்ன செய்வான்? நடந்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல் என்று அனுப்பி வைப்பானா?

"வால் இல்லாம வந்துச்சேக்கா," என்றான் தனகோடி, கெஞ்சுகிற குரலில், கால்குலேட்டரிடம் கேட்பதுபோல.

"தலையைத் தூக்கி மாடியை எண்ணு."

எண்ணினான். மறுபடி எண்ணினான். "தரைய வுட்டுட்டா, பதினாலு கீது. பதிமூணு இல்லாம பதினாலு எப்டிக்கா வரும்? நடுவுல ஒண்ணு காத்துலயா தொங்குது?"

ரெபேக்காள் எழுந்தாள். வாட்ச்மேன் லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இருவரும் கார் நிறுத்தும் அடித்தளத்துக்குச் சரிவில் இறங்கி, அங்கே நின்ற லிப்டுக்குள் நுழைந்தார்கள்.

பட்டன்கள் வரிசையாக மின்னின. 10, 11, 12. அதற்கு மேல் 12A. அதற்கு மேல் 14.

"பதிமூணு ராசியில்லன்னு பேரை மாத்தி வெச்சிருக்கான்," என்றாள் ரெபேக்காள் மெல்ல.

"வாத்தியாரு?"

"நம்பரைப் பேராக்காதேனு பொண்டாட்டிகிட்ட நாப்பது வருஷம் சண்டை போட்டவர். பன்னண்டுக்கு அப்புறம் வர்றது அவருக்குப் பதிமூணுதான். கதவுல 12A04-னு எழுதியிருந்தாலும் அவர் 1304-னுதான் பெருக்குவார்."

தனகோடி பட்டனை நோக்கிக் கையை நீட்டினான். அதற்குள் யாரோ மேலே அழைத்ததில் லிப்ட் தானாகக் கிளம்பித் தரைத்தளத்தில் நின்றது. கதவு திறந்தது. மணிக்கட்டில் ஓட்டல் பார்சலும் மருந்துக்கடைக் கவருமாக, போனைப் பார்த்துக்கொண்டே ஒருவன் உள்ளே வந்தான். பார்க்காமலே கையை நீட்டி ஒரு பட்டனை அழுத்தினான்.

12A.

கதவு மூடிய பிறகுதான் நிமிர்ந்தான்.

"வாங்க மோகன் சார்," என்றாள் ரெபேக்காள்.

மோகனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது லிப்ட் ஏறுவதைவிட வேகமாக இருந்தது. "மேடம்... நீங்க மங்களூர்ல..."

"மங்களூர் நல்லா இருந்துச்சு. டிக்கெட்டுக்கு நன்றி."

"நான் இங்க ஒரு ஃப்ரெண்டு வீட்டுக்கு..." அவன் விரல் 9-ஐத் தேடியது. தனகோடி முதுகை பட்டன் பலகையில் சாய்த்துச் சௌகரியமாக நின்றுகொண்டான்.

"அண்ணாத்த, பதிமூணாவது மாடிக்கு பட்டன் எங்க கீதுனு தேடிகினு இருந்தோம். நீயே அமுக்கிக் குட்த்துட்ட. பெரிய மனசு."

ரெபேக்காள் மருந்துக் கவரின் வாயை விரலால் விரித்துப் பார்த்தாள். சர்க்கரை மாத்திரை. பிரஷர் மாத்திரை. தன் பையிலிருந்த டப்பாவை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன.

"ஃப்ரெண்டுக்கு ஸ்டென்ட் மாத்திரையும் உண்டு சார். அதை வாங்கலியே."

12-ஐத் தாண்டி, இல்லாத மாடியில் லிப்ட் நின்றது.

"சாவி," என்றாள் ரெபேக்காள். மோகன் அவள் முகத்தைப் பார்த்தான். அது முப்பது வருடம் லாக்கப் கதவுகளைத் திறந்து மூடிய முகம். கொடுத்துவிட்டான்.

*

அந்த மாடியில் வேறு எந்த வீட்டிலும் ஆள் இல்லை. 12A04-இன் கதவுக்கு வெளியே இரும்புக் கிரில், அதில் பூட்டு. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு வாரத் தாடியோடு உட்கார்ந்திருந்தார் ஜெயினுலாபுதீன். மெலிந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று முடியாமல் உட்கார்ந்தார்.

"யார் வகுத்தது?" என்றார்.

"நான்தான் சார். கால்குலேட்டர்ல," என்றான் தனகோடி. ஒரு கை மோகனின் சட்டைக் காலரில் இருந்தது.

"பரவாயில்ல. மார்க் குறைச்சுப்பேன். ஆனா பாஸ்."

மாத்திரையை விழுங்கிவிட்டு மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். மோகனின் சென்டரில் பிள்ளைகள் ஒரு கணக்கைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அது நாளைய பரிட்சைக்கு அவர் ரகசியமாகப் போட்டுக் கொடுத்த கணக்கு. எப்படி வெளியே வந்தது என்று மோகனைக் கேட்டார். உட்கார்ந்து பேசலாம் என்று இங்கே கூட்டிவந்து பூட்டிவிட்டான்.

"வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டா யாரும் தேடமாட்டாங்கனு அவனே சொன்னான். என்ன எழுதணும்னு கேட்டான். இந்த இடத்தோட விலாசத்தை மனசுலயே பெருக்கிப் பார்த்தேன். விடை 786-ல ஆரம்பிச்சுது." வறண்ட உதட்டில் சிரிப்பு வந்தது. "ஆயுசுக்கும் எதை எழுதமாட்டேன்னு சொன்னேனோ அது வந்து முன்னால நிக்குது. 786 போடாம நான் எழுதினா என் பொண்டாட்டி நம்பமாட்டானு சொன்னேன். மிச்சம் மங்களூர் பின்கோடு, அங்க தேடட்டும்னு சொன்னேன். அவனுக்கு ரெண்டுமே பிடிச்சுப்போச்சு, என் போனைச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கே எடுத்துட்டுப் போய் அனுப்பறேன்னான். எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவோம்னு நினைக்கிறவன்."

மோகன் சுவரைப் பார்த்தான்.

"வேற ஊரா நாங்க படிச்சிருந்தா?" என்றாள் ரெபேக்காள்.

"முடியாதும்மா. அதைப் பார்த்துட்டுதான் அனுப்பச் சொன்னேன். அந்த நம்பருக்குள்ள 301601-னு ஒண்ணு இருக்கு. அது பகா எண், எதாலயும் உடையாது. அதோட ரெண்டு மடங்குதான் கூடுவாஞ்சேரி. அதனால எழுபத்தெட்டுக் கோடியை மீதியில்லாம வகுக்கற ஆறு இலக்க எண் மொத்தமே ரெண்டுதான். ஒண்ணு 603202. இன்னொண்ணு அந்த 301601. அது பின்கோடுனா ராஜஸ்தான் பக்கம் போகும்."

தனகோடி கண்ணை மூடிக்கொண்டான். "யக்கா. நல்ல வேள. இந்த ஆளு ராஜஸ்தானுக்கும் டிக்கெட் போட்டுக் குட்த்திருப்பான்."

ரெபேக்காள் முதலில் போலீசுக்குப் பேசினாள். பிறகு கோவளத்துக்குப் பேசினாள். "இருக்கார்மா," என்று ஒரே வார்த்தையில் சொல்லி, போனை அவரிடம் நீட்டிவிட்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். போனில் சம்சாத் பேகத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்."

"786 எழுதினீங்களாமே."

"அது 786 இல்ல. எழுபத்தெட்டுக் கோடியே..."

"தெரியும். எல்லாம் கேட்டேன். ஃபர்தீன் வண்டில புதுசா ஒண்ணு ஒட்டப்போறேன். இந்த வாட்டியாச்சும் வுட்டுடுவீங்களா?"

ஜெயினுலாபுதீன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"சுரண்டிடுவேன்," என்றார்.

"சீக்கிரம் வந்து சுரண்டுங்க."